நிலவுக் கையுறையின் மூன்று விரல்கள்

"எனக்கு ஒரு அறிக்கை வேணும், சேர். எங்கட கையுறையைக் கெடுத்தது நிம்றாதான் எண்டு நீங்கள் எழுதித் தரவேணும்."

நாற்காலியில் அமர்வதற்கு முன்பே ராகுலன் இதைச் சொல்லிவிட்டான். சொன்ன வேகத்தில் மேசையில் இருந்த தேநீர்க் கோப்பை ஆடியது. இப்திகார் கோப்பையைப் பிடித்து நிறுத்தினார். வெள்ளவத்தையில் அவருடைய அலுவலகம் இருந்த சிறு ஒழுங்கையின் முடிவில் புகையிரதப் பாதை. அதற்கு அப்பால் கடல். ரயில் ஒன்று வந்துகொண்டிருந்தது. அது கடக்கும்வரை அந்த அறையில் யாரும் பேச முடியாது. இப்திகாருக்கு அது பிடித்திருந்தது. கோபத்தோடு வருகிறவர்கள், ஒரு ரயில் போனபின் சற்றுக் குறைந்த கோபத்தோடு பேசுவார்கள்.

அவர் சேத மதிப்பீட்டாளர். கப்பலில் வந்த மா ஏன் கட்டியானது, களஞ்சியத்தில் கிடந்த துணி ஏன் பூஞ்சணம் பிடித்தது என்று பார்த்துச் சொல்வது அவர் தொழில். யார் என்று கேட்பதற்கு முன் எப்படி என்று கேட்பவர். அவருடைய உதவியாளர் தனுஷியா அதற்கு நேர்மாறு. அவளுக்கு முதலில் ஆள் வேண்டும். மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்று புரட்டாதிச் சனிக்கிழமை. காலையில் தாயைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போன தனுஷியா, தாயின் எண்ணெய்ப் போத்தல் தன் கைப்பைக்குள் கசிந்துவிட்டதால், சீப்பு, பேனா, கதவுத் திறப்புக் கோர்வை என்று ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கையுறை, அண்ணா? கிரிக்கெட்டோ?" என்றாள், தலை நிமிராமல்.

"நிலவில போடுறது."

சீப்பு அவள் கையில் அப்படியே நின்றது.

ராகுலன் சொல்லத் தொடங்கினான். அவனும் நிம்றாவும் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். அவன் துணிப் பொறியியல், அவள் இறப்பர் இரசாயனம். கொட்டாஞ்சேனையில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து, நிலவில் நடப்பவர்கள் அணியும் உடைக்கு ஒரு கையுறை செய்துகொண்டிருந்தார்கள். விண்ணுடை செய்யும் வெளிநாட்டுக் குழு ஒன்று கொழும்புக்கு வருகிறது. திங்கட்கிழமை பின்னேரம் அவர்கள் முன்னால், காற்றை உறிஞ்சி எடுத்த பெட்டிக்குள் அந்தக் கையுறை ஒரு திருகாணியைக் கழற்றிப் பூட்ட வேண்டும். தாக்குப்பிடித்தால், இருவர் பெயரிலும் ஒரு வருடப் பரிசோதனைக்கு அது எடுத்துக்கொள்ளப்படும்.

"இண்டைக்குப் பின்னேரம் காத்தடிச்சுப் பாத்தம். உள் இறப்பர் வெடிச்சிட்டுது. எண்ணெய் பட்டிருக்கு எண்டு அவவே சொல்லுறா. எண்ணெய் பட்டால் இறப்பர் என்ன ஆகும் எண்டு எங்களில நல்லாத் தெரிஞ்சது ஆருக்கு? அவவுக்கு." ராகுலன் வலது கையின் பெருவிரலை மடக்கினான். "காலமை ஆக்கள் வரமுன்னம் நான் தனியப் போய் ஒருக்காப் போட்டுப் பாத்தனான். அருமையா இருந்தது." சுட்டுவிரல் மடங்கியது. "மத்தியானம் நான் சாப்பிடப் போன நேரம் அவ மட்டும்தான் அங்கை." நடுவிரலும் மடங்கியது. "போன கிழமை சிங்கப்பூரில ஒரு கையுறைக் கொம்பனி அவவை வேலைக்குக் கூப்பிட்டிருக்கு."

இப்திகார் அவனுடைய வார்த்தைகளைக் கேட்டாரா என்பது தெரியவில்லை. அவர் பார்வை அந்த மூன்று விரல்களிலேயே நின்றது. நீளமான, மெலிந்த விரல்கள். பெருவிரல் நகத்தின் ஓரத்தில் மெல்லிய கரிக்கோடு ஒன்று படிந்திருந்தது.

"அறிக்கை தந்தா என்ன செய்வீங்க, தம்பி?"

"அவவின்ர பேரை எடுத்துப்போட்டு நான் தனியாப் போவன்."

"புது இறப்பர் யாரு செய்ற?"

ராகுலன் மடக்கிய விரல்களை மெல்ல விரித்தான்.

"போய்ப் பாப்போம்," என்று இப்திகார் எழுந்தார்.

கொட்டாஞ்சேனை மாடியின் கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. இறப்பருக்காக இரவும் பகலும் குளிரூட்டி ஓடுமாம். தையல் இயந்திரத்தின் முன் கம்பளிச் சட்டையோடு இருந்த பருத்த மனிதர் எழுந்து வந்தார்.

"வாங்கோ சேர், ஐஸ்கிறீம் பெட்டிக்குள்ள வாங்கோ. நான் தர்ஷன். இங்க தையல் எல்லாம் என்ர பொறுப்பு. சந்தேகப்படுற ஆக்களில ரெண்டாமிடம்."

"முதலிடம் நான்," என்றாள் மேசையருகே நின்ற பெண். வெள்ளை மேலங்கிக்கு மேல் சாம்பல் நிற முக்காடு. நிம்றா ராகுலனின் பக்கம் பார்க்கவில்லை. "என்ன பாக்கணும், நானா?" என்று இப்திகாரை அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

"எல்லாம். வெளிய இருந்து உள்ளுக்கு."

கையுறையை அடுக்கடுக்காகப் பிரித்து மேசையில் பரப்பியிருந்தார்கள். நிம்றா வெள்ளைத் துணியைத் தொட்டாள். "இது வெளிப்புறம். தூசியத் தாங்குற."

"தூசிக்கு ஏன் இவ்வளவு பயம்?" என்று தனுஷியா கேட்டாள்.

கோபத்தை மறந்து ராகுலன் முந்திக்கொண்டான். "எங்கட வெள்ளவத்தைக் கடக்கரை மணலை எடுங்கோ. கடல் அதை உருட்டி உருட்டி மழுக்கி வைச்சிருக்கு. நிலவில தண்ணியும் இல்லை, காத்தும் இல்லை. உடைஞ்ச தூள் உடைஞ்ச மாதிரியே கிடக்கும், அரைச்ச கண்ணாடி போல. அதோட, மின்னேற்றத்தால துணியில ஒட்டிக்கொண்டு விடாது. பிறகு தையல் வழியா நுழைஞ்சு நூலை அறுக்கும்."

"அதுக்குக் கீழ இது," என்று நிம்றா வெள்ளிபோல் மின்னிய மெல்லிய தாள்களை விரித்தாள். "வெயில்ல வேகாம, நிழல்ல உறையாம. அதுக்குக் கீழ இழுபடாத நெசவு. இது இல்லாட்டி உள்ளுக்கு இருக்கிற காத்துக்குக் கை பலூன் மாதிரி ஊதிரும். எல்லாத்துக்கும் உள்ளுக்கு என்ட இறப்பர். காத்தப் பிடிச்சு வெச்சிக்கொள்றது இதுதான். விரல மடக்க மடக்கக் களைக்காம இருக்கோணும். அதுக்குத்தான் ஊர் இறப்பர் பால்ல செஞ்ச."

நிலவில் சத்தம் கிடையாது என்பதை இப்திகார் எங்கோ படித்திருந்தார். அவ்வளவு பெரிய மௌனத்துக்கும் ஒரு மனிதத் தோலுக்கும் நடுவே இந்த மஞ்சள் நிறச் சவ்வு மட்டும்தான் என்று நினைத்தபடி, அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். தனுஷியா இரண்டு தடவை செருமினாள்.

சவ்வின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் நுனிகள் மட்டும் தண்ணீர் பட்ட அப்பளம் போல ஊதி நெளிந்திருந்தன. சுட்டுவிரல் நுனி கிழிந்திருந்தது. மற்ற இரண்டு விரல்களிலும் ஒரு குறையும் இல்லை. ஊதிய இடங்களின் உட்புறத்தில் மஞ்சள் நிறத்தில் ஈரம். இப்திகார் குனிந்து முகர்ந்தார்.

"இத எங்க வெச்சிருந்தீங்க?"

"அந்தக் கம்பியில. விரல் கீழ பாக்கத் தொங்கும்."

"வெறும் கையில போடுறதா?"

"இல்ல. கை கழுவி, பருத்தி உள்ளுறை போட்டுட்டுத்தான் போடணும். அது ராகுலன் போட்ட சட்டம்." அந்தப் பெயரைச் சொல்லும்போது நிம்றாவின் குரல் கொஞ்சம் தடுக்கியது. "உள்ளுறையக் கழுவிப் பைக்கற்றில ஒட்டி என்ட அலுமாரிக்குள்ள வைப்பேன். இன்டைக்குப் பைக்கற்ற பின்னேரம் எல்லார் முன்னாலயும்தான் உடைச்சேன். சோதிக்கக்குள்ள அவர் போட்ட உள்ளுறை இது."

இப்திகார் அந்த வெள்ளை உள்ளுறையை விளக்குக்கு நேரே பிடித்தார். மூன்று விரல் நுனிகளில் வெளிப்பக்கம் மங்கிய மஞ்சள் கறை. உள்ளே திருப்பினார். சுத்தமாக இருந்தது.

"மத்தியானம் இவ தேங்காயெண்ணெய்ல பொரிச்ச மீன் சாப்பிட்டவ," என்றான் ராகுலன்.

"கையக் கழுவாம இறப்பரத் தொடுறதுக்கு எனக்கு என்ன பைத்தியமா, ராகுலன்?"

"என்ர மெசினுக்கும் எண்ணெய் விடுறனான்," என்று தர்ஷன் கையை உயர்த்தினார். "என்னையும் மறந்திடாதேங்கோ."

இப்திகார் நிம்றாவிடம், கழித்துப்போட்ட இறப்பர்த் துண்டுகள் மூன்றும் ஒரு கண்ணாடித் தகடும் கேட்டார். தர்ஷன் கீழே தேநீர்க்கடைக்குப் போய்க் கொஞ்சம் தேங்காயெண்ணெய் வாங்கிவந்தார். தையல் எண்ணெய் அங்கேயே இருந்தது. மூன்றாவதை இப்திகார் தனுஷியாவின் கைப்பையிலிருந்து எடுத்தார். கண்ணாடியில் மூன்று துளி, இறப்பரில் மூன்று துளி. எல்லாவற்றையும் ஓர் அட்டைப்பெட்டியால் மூடினார்.

"நாளைக்குக் காலைல வாறோம். நிம்றா, திங்கக்கிழமைக்குள்ள இன்னொரு இறப்பர் செய்ய ஏலுமா?"

"நாளைக்குக் காலைல தொடங்கினா ஏலும்." அவள் விளக்கை அணைத்தாள். "ஆனா யாருக்குச் செய்ற, நானா?"

திரும்பும் வழியில் முச்சக்கரவண்டி காலி முகத்திடலைத் தாண்டும்வரை தனுஷியா பொறுத்துக்கொண்டாள்.

"தர்ஷன்தான் சேர். பகிடி விடுறவையை நம்பக்கூடாது."

இப்திகார் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நிம்றாவோ? எனக்கு அவவைப் பாத்தால் அப்பிடித் தெரியேல்லை."

கொள்ளுப்பிட்டியில் சிவப்பு விளக்கு விழுந்தது.

"தனு, ஒரு பொருளக் கெடுக்கணும்டு நினைக்கிற ஆள் மூணு விரல் நுனியில மட்டும் எண்ணெய் வைப்பானா?"

தனுஷியா தன் விரல்களைப் பார்த்தாள். பிறகு கைப்பையைப் பார்த்தாள்.

ஞாயிறு காலை ஐவரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். இப்திகார் பெட்டியைத் தூக்கவில்லை; அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"வழமையா நான் அறிக்கை எழுதுற. இன்டைக்கு எழுத விருப்பமில்ல. அதனால பேசுறேன்," என்றார். "முதல்ல, எண்ணெய ஊத்தினதா? ஊத்தினா தொங்குற கையுறையில அது அஞ்சு விரலுக்கும் ஓடியிருக்கும். மூணு நுனியில மட்டும் இரிக்கி. அப்ப எண்ணெய் ஒரு கையில ஏறித்தான் உள்ளுக்கு வந்திரிக்கி. அந்தக் கையில எண்ணெய் பட்டிருந்ததும் அந்த மூணு விரல்லதான்."

"என்ர கையோ?" என்றார் தர்ஷன்.

"நீங்க போட்டுப் பாருங்க."

தர்ஷன் பழுதான கையுறைக்குள் கையைத் திணிக்க முயன்றார். மணிக்கட்டு வளையத்தில் கை இறுகி நின்றது. "இந்தக் கையோட நான் நிலவுக்குப் போகேலாது. மனுசிக்கு நிம்மதி," என்றார்.

அலுமாரியின்மேல் இருந்த பீங்கான் கையை இப்திகார் எடுத்துவந்தார். இறப்பரை வார்க்கும் அச்சு அது. ராகுலனின் வலது கையின் பிரதி. நிம்றா தன் கையை அதன்மேல் வைத்தாள். அவளுடைய விரல்கள் ஒரு கணு குறைவாக நின்றன.

"கறை நுனியின் உச்சியில இரிக்கி. நிம்றாட விரல் அங்க எட்டாது. அடுத்தது, உள்ளுறை. வெளிய கறை, உள்ள சுத்தம். அப்ப பின்னேரம் சோதிக்க முந்தியே எண்ணெய் அங்க இருந்திரிக்கி. வெறும் கையால வந்த எண்ணெய். நிம்றா, எண்ணெய் பட்ட உடனயே இறப்பர் இப்பிடி ஊதுமா?"

"நாங்க போடுற தடிப்புக்கு, உடன ஊதாது. சில மணி நேரம் ஊறணும்."

"அப்ப காலைல."

ராகுலன் ஏதோ சொல்ல வந்தான். இப்திகார் பெட்டியைத் தூக்கினார்.

கண்ணாடியில் முதல் துளி மெழுகுபோல வெண்மையாக உறைந்திருந்தது. "தேங்காயெண்ணெய். இந்தக் குளிருக்குக் கட்டியாகிரும். கையுறையில இருந்தது கட்டியாகல்ல. மீனுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல." இரண்டாவது துளி தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது. "தையல் எண்ணெய். நிறமில்ல. துணியில மஞ்சள் கறை விடாது." மூன்றாவது துளி மஞ்சளாக, உறையாமல் இருந்தது. அதற்குக் கீழே இருந்த இறப்பர்த் துண்டு, பழுதான விரல்களைப் போலவே ஊதியிருந்தது. "இதுதான்."

நிம்றா குனிந்து முகர்ந்தாள். "இது என்ன எண்ணெய்?"

"நல்லெண்ணெய்," என்றாள் தனுஷியா மெதுவாக. "அம்மாவின்ர. புரட்டாதிச் சனிக்குச் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்கிறது. எள்ளைக் கறுத்த துணியில பொட்டலமாக் கட்டி, எண்ணெய்ல தோய்ச்சு, இப்பிடிப் பிடிச்சு..."

அவள் வலது கையை உயர்த்திக் காட்டினாள். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் ஒன்றாகக் குவிந்திருந்தன.

குளிரூட்டியின் ஓசை மட்டும் கேட்டது. இப்திகார் யாரையும் பார்க்கவில்லை. பீங்கான் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனத்தை அவர் ராகுலனுக்காகத் திறந்து வைத்திருந்தார். அவனே உள்ளே வரட்டும் என்று.

ராகுலன் நாற்காலியில் அமர்ந்தான்.

"எனக்கு ஏழரைச் சனி நடக்குதாம். அம்மா மூண்டு மாதமா அழுகிறா, ஒருக்கா எரிச்சிட்டு வா எண்டு. நேற்றுக் காலமை போனனான். கைலேஞ்சியால நல்லாத் துடைச்சனான். பிறகு நேரா இங்கதான் வந்தனான். உள்ளுறை நிம்றாவின்ர அலுமாரிக்குள்ள. ஒரு நிமிசம்தானே எண்டு வெறுங்கையோட போட்டிட்டன்."

"ஏன் சொல்லல்ல?" என்று நிம்றா கேட்டாள்.

"என்னெண்டு சொல்லுறது? நிலவுக்குக் கையுறை செய்யிறவன், கிரகத்துக்குப் பயந்து எள்ளெரிச்சவன் எண்டோ? உம்மை நான் எவ்வளவு பகிடி பண்ணியிருப்பன், சோதனைக்கு முதல் கடவுளின்ர பேரால பிஸ்மி சொல்லுறீர் எண்டு." அவன் கரி படிந்த நகத்தைத் தேய்த்தான். "எண்ணெய் எண்டு நீர் சொன்ன உடன எனக்கு அந்த நினைப்பு வந்தது. வர விடேல்லை. உம்மைச் சந்தேகப்படுறது லேசா இருந்தது."

தர்ஷன் தையல் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நிம்றா தான் வார்த்த இறப்பரின் கிழிந்த நுனியை எடுத்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"சிங்கப்பூருக்கு நான் வரமாட்டேன்டு போன கிழமையே சொல்லிட்டேன்," என்றாள். "அதக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க கேக்கல்ல."

"பிழை என்னிலதான், நிம்றா. திங்கக்கிழமை உம்மட பேரை முதல்ல போடுவம்."

"பேர் கிடக்கட்டும். போய்க் கையக் கழுவுங்க. சவுக்காரம் போட்டு, ரெண்டு தரம்."

ராகுலன் எழுந்து ஓடினான். தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும்தான் நிம்றா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பீங்கான் கையை இப்திகாரிடமிருந்து வாங்கி, அதற்கு ஒரு பருத்தி உள்ளுறையை மாட்டினாள்.

"வெறும் அச்சிலதானே வார்ப்பீங்க?" என்று தனுஷியா கேட்டாள்.

"இவ்வளவு நாளும் அப்பிடித்தான். இனி உள்ளுறையப் போட்டு, அப்பிடியே இறப்பர் பால்ல முக்குறேன். ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்கொள்ளும். அவசரத்துல வெறுங்கையப் போட்டாலும் தோல் இறப்பரத் தொடாது. கொஞ்சம் தடிப்பு கூடும், பரவால்ல." அவள் மூன்று விரல் நுனிகளையும் இழுத்துச் சரிசெய்தாள். "சட்டம் போட்டா மனுசன் மறப்பான். நிலவுக்குப் போற ஆளுக்கும் வீட்டுல ஒரு உம்மா இருப்பாதானே. தலைக்கு எண்ணெய் வெச்சித்தான் அனுப்புவா."

கைகளை உதறிக்கொண்டு வந்த ராகுலன் வாசலிலேயே நின்றான். அவனுக்குச் சிரிப்பு வந்தது. வந்தபின் கண் கலங்கியது. தர்ஷன் தையல் இயந்திரத்தின் உறையை நீக்கினார்.

"பொஸ், உள்ளுக்குத் தடிப்புக் கூடினால் மேல் துணியையும் நான் தளர்த்தவேணும். நிண்டு பாத்துக்கொண்டிருக்காமல் வாங்கோ."

திங்கள் பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. வெளிநாட்டுக் குழு தங்கிய விடுதியின் மண்டப நடுவே, கண்ணாடிப் பெட்டி ஒன்றின் சுவரிலிருந்து கையுறை உட்பக்கம் நீண்டு நின்றது. அதற்குள் ராகுலனின் கை. பெட்டியிலிருந்து காற்று வெளியேற வெளியேறக் கையுறை மெல்ல விறைத்தது. நிம்றா காற்றுக் கசிந்தால் காட்டும் அளவுமானியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உதடுகள் அசைந்தன. ராகுலன் அதைக் கவனித்து, தலையைத் தாழ்த்தி, அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தான்.

"தொடங்கலாம்," என்றாள் அவள்.

பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் குவிந்தன. பின்வரிசையில் தனுஷியா இப்திகாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் விடுவித்துக்கொள்ளவில்லை. பெட்டிக்குள் சத்தம் எதுவும் இல்லை. அளவுமானியின் முள் அசையவில்லை. திருகாணி ஒருமுறை தயங்கியது. பிறகு சுழலத் தொடங்கியது.